குண்டூசி விழுந்தாலும் கேட்கும்

முன்வரிசையில் ஒரு கனைப்பு இல்லை, ஒரு கிசுகிசுப்பு இல்லை. ஏழெட்டுப் பேரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேடைப் பலகையின் விளிம்பில் உள்ளங்கைகளைப் பதித்தபடி, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த பக்தியைப் பார்த்துப் பாடகனுக்குப் புல்லரித்தது.

பின்வரிசைகள் வேறு ரகம். ஒருத்தன் போனில் யாரிடமோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். ஒருத்தி சிப்ஸ் பொட்டலத்தைச் சரசரவென்று பிரித்தாள். இரண்டாவது புதுப் பாட்டு முடிவதற்குள்ளேயே, "பழசை எடுத்து விடுப்பா!" என்று ஒரு குரல்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி முனகினான் பாடகன்.

செருப்புக் கடைக்குக் கீழே, நிலவறையில் இருந்த சின்ன அரங்கம் அது. இரண்டு வருஷமாக மாதம் ஒரு கச்சேரி. வாயிலில் டிக்கெட் கிழிக்கும் பெண்ணில் ஆரம்பித்து அரங்கத்துக்காரர் வரை எவரையும் அவன் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. மேடையை விட்டு இறங்கி ரசிகர்களோடு பேசுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவன். அவன் மதித்தது அந்த முன்வரிசையை மட்டும்தான்.

இன்றைக்கு எல்லாமே புதுப் பாட்டு. ஆறு மாதம் வீட்டில் யாரையும் அண்டவிடாமல் எழுதிய வரிகள். அத்தனையையும் பின்னால் உட்கார்ந்து ஒருத்தன் தடதடவென்று அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தான். அந்த டிரம்ஸ்காரனுக்குப் பாடகன் வைத்த பெயர் 'தகரம்'.

இடைவேளையில், உடைந்த நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்த பின்னறைக்குள் நுழைந்ததுமே பாடகன் வெடித்தான்.

"தகரம், நீ கிளம்பு."

டிரம்ஸ்காரன் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டோடு அப்படியே நின்றான். "எங்கண்ணே?"

"எங்கயாவது போ. நீ வாசிக்கல, பாத்திரம் விளக்குற. நான் உசிரைக் குடுத்து எழுதின வரியில ஒண்ணாவது வெளிய கேட்டுச்சா?"

"பாட்டு வேகமா இருக்குண்ணே, அதுக்கு ஏத்த மாதிரிதான்... முன்வரிசைக்காரங்ககூட ரசிச்சுத்தானே..."

"வாயை மூடு! முன்வரிசையைப் பத்திப் பேச உனக்கு என்ன யோக்யதை இருக்கு? அவங்க சொல்லுக்குச் சொல் ருசிக்கிறவங்க. என் பாட்டுக்காக உன் இரைச்சலைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிறாங்க, பாவம்!"

கிட்டார்காரன் பாடகனுடைய மச்சான். பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தான். "மாமா, பாதிக் கச்சேரியில போய் இப்படி..."

"உங்கக்கா முகத்துக்காகத்தான் உன்னையே வச்சிருக்கேன். அதையும் கெடுத்துக்காத."

மச்சான் கிட்டார் கம்பியை முறுக்கத் தொடங்கினான். டிரம்ஸ்காரன் இரண்டு குச்சிகளையும் பைக்குள் செருகிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறினான். கதவைக்கூட ஓசைப்படாமல்தான் சாத்தினான்.

பாடகன் மேடைக்குத் திரும்பினான். முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"இனிமே இரைச்சல் இல்லை. சொல்லு மட்டும்தான். இது புரியறவங்களுக்கு" என்று சொல்லி, முன்வரிசையைப் பார்த்து லேசாகத் தலை வணங்கினான். யாருக்கும் வணங்காத தலை அது.

மச்சான் கம்பியை மெல்ல வருட, பாடகன் பாடினான். நிஜமாகவே நன்றாகப் பாடினான். போன் பேசியவன் பேச்சை நிறுத்தினான். சிப்ஸ்காரி பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டுக் கன்னத்தில் கை ஊன்றினாள். அதையெல்லாம் பாடகன் கவனிக்கவில்லை. அவன் பார்வை முன்வரிசையில்தான் இருந்தது.

அங்கே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பலகையிலிருந்து கையை எடுத்து, மறுபடி பதித்து, மறுபடி எடுத்தார். பக்கத்தில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. மூன்றாவது சரணம் வருவதற்குள் முன்வரிசை முழுக்கக் காலி.

பாடகன் மிச்ச வரிகளை எப்படிப் பாடி முடித்தான் என்று அவனுக்கே தெரியாது. பின்வரிசைகளிலிருந்து எழுந்த கைதட்டலைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மேடையிலிருந்து குதித்து வாயிலுக்கு ஓடினான்.

டிக்கெட் கிழிக்கும் பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் அவளிடம் பேசினான்.

"முன்னாடி உக்காந்திருந்தவங்க ஏன்மா போயிட்டாங்க? புதுப் பாட்டு பிடிக்கலையாமா?"

"பாட்டைப் பத்தி ஒண்ணும் கேக்கல சார். டிரம்ஸ் அடிக்கிற மாதிரி கையைக் காட்டி, அந்த அண்ணன் எங்கேன்னாங்க. அவர் போயிட்டாருன்னதும் முகமே செத்துப்போச்சு. இனிமே வரமாட்டாங்கன்னு நினைக்கிறேன்."

"அந்தத் தகரத்தையா கேட்டாங்க?" பாடகனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன உளர்ற? ரெண்டு வருஷமா மூச்சுவிடாம என் பாட்டைக் கேட்டவங்கம்மா அவங்க!"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவங்க யாருக்கும் காது கேக்காதே சார்!"