இருபத்தெட்டாம் நாள் பட்டினி

காலை வெயில் ஆராய்ச்சிக்கூடத்துத் தரையில் கம்பி கம்பியாக விழுந்து கிடக்கிறது, கண்ணுகளா. கூண்டுக்குள் ஒரு பன்றி காலித் தொட்டியை மூக்கால் முட்டி முட்டித் தள்ளுகிறது. அதன் இதயக் குழாயைப் பலூன் வைத்து விரித்து இன்றோடு இருபத்தெட்டு நாள். விரித்த இடம் மறுபடி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று இன்று அறுத்துப் பார்ப்பார்கள், அதனால்தான் பட்டினி. தீனி போடுகிறவள் கம்பிக்கு வெளியே நிற்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கும் பலூன் வைத்த இடம் திரும்ப அடைத்துக்கொண்டுவிட்டது; நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

"என்னக்கா, மாப்பிள்ளை கோபமா இருக்காரு போல?" என்கிறாள் உள்ளே வந்த டாக்டர், பன்றியைக் காட்டி.

"பசிக்குதும்மா. இன்னும் எத்தனை மாப்பிள்ளைங்க போனா எங்க வீட்டுக்காரருக்கு வழி பொறக்கும்?"

டாக்டர் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்கிறாள். "மயக்க மருந்துக்கு எடை பாக்கணும். நீங்க கூட்டிட்டு வாங்க, உங்ககிட்டதான் முரண்டு பிடிக்காது."

தாழ்ப்பாள் கிறீச்சிடுகிறது. பன்றி காதுகள் ஆட வெளியே வந்து, தானாகவே தராசில் ஏறி நின்று, அவளைப் பார்த்து வாயைத் திறக்கிறது. ஏறி நின்றால் ஒரு துண்டு ஆப்பிள் என்று பழக்கியவளே அவள்தான். துண்டும் பைக்குள் இருக்கிறது. அதைப் பற்றிய கை பையைவிட்டு வெளியே வரவில்லை. பன்றியும் வாயை மூடவில்லை.