ஊரே ஒண்ணா

மனைத் தகராறில் பஞ்சாயத்தை மீறிப் போலீசுக்குப் போனதற்காகக் காத்தாயி குடும்பத்தை மீனவர் ஊர் தள்ளி வைத்திருந்தது. யாரும் அவர்களோடு பேசக்கூடாது, கடையில் சாமான் கொடுக்கக்கூடாது, பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடக்கூடாது. இன்று காற்றில் படகு கவிழ்ந்து மூன்று பேர் தத்தளித்தபோது, கரையில் நின்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். காத்தாயியின் கணவன் அஞ்சப்பனும் அவன் தம்பியும்தான் படகைத் தள்ளிக்கொண்டு போய் மூவரையும் கொண்டுவந்து போட்டார்கள். இப்போது அஞ்சப்பன் மணலில் நடுங்கிக் கிடக்கிறான். ஒரு வாய் டீ கொடுக்க ஆளில்லை.

டிவிக்காரர்கள் வந்ததும் ஊர்த் தலைவர் சிங்காரவேலு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “எங்க சமுதாயம் எப்பவும் ஒத்துமைங்க. ஊரே ஒண்ணா எறங்கி மூணு உசிரையும் மீட்டுச்சு.”

காத்தாயி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். நிருபர் பெண் சிரித்தபடி அவளிடம் மைக்கை நீட்டினாள்.

“நீங்களும் இந்த ஊருதானாம்மா?”

காத்தாயி மைக்கைப் பிடுங்கித் தலைவரின் வாயருகே கொண்டுபோனாள்.

“கேக்குறாங்கல்ல. சொல்லுங்க மாமா.”

தலைவர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மைக்கை எடுக்கவில்லை.