எண்பதாயிரம் பேரின் தளபதி

"எண்பதாயிரம் பேரைக் கட்டி மேய்ச்ச அனுபவம்னு போட்டிருக்கே, எந்தக் கம்பெனில தம்பி?"

குடோன் மேனேஜர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விண்ணப்பத்தை ஒரு முறையும் அவனை ஒரு முறையும் பார்த்தார்.

அந்த வரியை எழுதியபோது அவனுக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. "கம்பெனி இல்ல சார். கேம். போன்ல விளையாடுறது. நான் ஒரு கோட்டைக்குத் தளபதி."

மேனேஜர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "எண்பதாயிரமும் மனுஷங்களா?"

"பாதிப் பேர் எலும்புக்கூடு சார்."

"சாப்பாட்டு நேரம் கேட்காத ஆளுங்க. நிர்வாகம் சுலபம்தான்."

இது அவனுக்கு ஏழாவது இன்டர்வியூ. எட்டு மாதமாக அக்கா வீட்டு சோபாவில்தான் படுக்கை. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் சோபாவை விற்றுவிடப் போவதாக மாமா நேற்று சொல்லியிருந்தார். மச்சினனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, சோபாவைப் பற்றி மட்டும்தான். அவ்வளவு நாகரிகமான மனிதர்.

வெளியே லோடுமேன்கள் லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டது. மொத்தம் இருபத்திரண்டு பேர். இவர்களை எப்படி வேலை வாங்குவாய் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலை மனப்பாடமே செய்து வைத்திருந்தான். மேனேஜர் அதைக் கேட்கவில்லை. கோட்டையின் பெயரைக் கேட்டார்.

"இடிமலைக் கோட்டை சார்."

"பேரைப் பாரு."

பேனாவை மூடி வைத்தார். பல் விளக்குகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் ஒருத்தன் டிராகனோடு குடும்பம் நடத்தினால் விளங்குமா என்று கேட்டார். இந்த வயதில் தான் மூட்டை தூக்கியதாகச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, இதுவரை எத்தனை பேரிடம் தோற்றிருக்கிறாய் என்றார்.

"ஒருத்தர்கிட்டயும் இல்ல சார். மூணு வருஷமா."

அன்றைக்கு முதல் தடவையாக அவன் முதுகு நாற்காலியில் நிமிர்ந்தது. இப்போதுகூட ஒரு கூறுகெட்டவன் மூன்று வாரமாக வந்து முட்டிக்கொண்டிருக்கிறான் என்றான். தினமும் முன்வாசலில் நாலாயிரம் பேரைச் சாகக் கொடுத்துவிட்டு, மறுநாள் வெட்கமில்லாமல் அதே வாசலுக்கு வருகிறானாம். அவன் தலைக்குள் இருப்பதைக் களிமண் என்று சொன்னால் களிமண்ணுக்குக் கேவலம், அதில் பொம்மையாவது செய்யலாம் என்றும் சேர்த்துக்கொண்டான்.

மேனேஜர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"வாய் பெருசாத்தான் இருக்கு. அடிக்கவே முடியாத கோட்டைன்னு ஒண்ணு உண்டா? கதை விடாதே."

வேலை போனால் போகிறது, கோட்டை விஷயத்தில் கதை விடுகிறான் என்று ஒருவர் சொல்வதா?

"அடிக்கலாம் சார். எப்படின்னு எனக்கு மட்டும்தான் தெரியும். டிராகனுங்களுக்குப் பன்னிரண்டு மணிக்குத் தானா இரை விழற மாதிரி வச்சிருக்கேன். தின்னுட்டு அரை மணி நேரம் அசந்து தூங்கும். அப்போ பின்பக்க மதகு வழியா நூறு குட்டிப் பூதம் புகுந்தாலே போதும். கதை முடிஞ்சுது."

மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பது.

"கேட்கவே தலைவலிக்குது. கிளம்பு. சொல்லி அனுப்பறோம்."

இந்தச் 'சொல்லி அனுப்பறோ'மை ஏற்கெனவே ஆறு இடத்தில் கேட்டுவிட்டான். அதன் அர்த்தம் இப்போது அந்த சோபாவுக்குக்கூடத் தெரியும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பன்னிரண்டு பத்து.

இடிமலைக் கோட்டை விழுந்துவிட்டது. மதகு திறந்து கிடந்தது. டிராகன்கள் தூக்கத்திலேயே சங்கிலியில் கட்டப்பட்டிருந்தன. கோபுரத்தின் மேல் அந்தக் கூறுகெட்டவனின் கொடி பறந்தது.

ஜெயித்தவன் ஒரு செய்தியும் அனுப்பியிருந்தான்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வேலைக்கு வந்து சேரு தம்பி. ஆனா, உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்குற வரைக்கும் குடோன் சாவி என்கிட்டயேதான் இருக்கும்."