கழற்றிய வயர்

போச்சம்பள்ளித் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட். கூரைத் தகடுகளின் இடுக்கில் விழும் வெயிலில் அனுப்ரியாவின் மெஷின் மட்டும் சிவப்பு விளக்கோடு நிற்கிறது. மற்றவை இரைந்துகொண்டிருக்கின்றன. இதன் சென்சார் வயரை ஃபைஸானே கழற்றிவிட்டிருக்கிறான். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான் என்றுதான் போன மாதம் அவனை இன்சார்ஜ் ஆக்கினார்கள். சற்றுமுன் அனுப்ரியாவின் ஊரான பேரிகையிலிருந்து ஆபீசுக்கு போன் வந்தது. அவளுடைய அப்பா கங்கப்பன் இறந்துவிட்டார். எல்லோருடைய செல்போனும் கேட்டிலுள்ள பெட்டியில் அணைந்து கிடக்கிறது. அவளிடம் இவன்தான் சொல்ல வேண்டும். "என்னாச்சு சார்?" என்று கையுறையை உருவியபடி கேட்கிறாள். அவன் வயரையே பார்க்கிறான். "சென்சார் போயிருச்சு. இன்னிக்கி ஓடாது. நீ வூட்டுக்குப் போ அனுப்ரியா, கம்பெனி கார் சொல்லியிருக்கேன்." "எனக்கா, காரா?" கண்கள் விரிய அவள் சிரிக்கிறாள். "நல்லதாப் போச்சு சார். கடையில அப்பாவோட மூக்குக்கண்ணாடி ரெடியாக் கிடக்குது. இன்னிக்கே வாங்கிக் குடுத்துருவேன்." அவன் வாய் திறக்கிறது. "ஹெல்மெட்ட ஸ்டாண்டுல வெச்சிட்டுப் போ" என்கிறது. அவள் வைத்துவிட்டுப் போகிறாள். வயர் இன்னும் அவன் கையில் இருக்கிறது. அது எங்கே சேர வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே, வெயிலில், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, பெட்டியைத் திறந்து அவளுடைய போனை நீட்டுகிறார். அவள் அவனைத் திரும்பிப் பார்த்து நன்றியோடு கையசைக்கிறாள், மறு கையால் போனை ஆன் செய்தபடியே.