முழங்கை அசைவு

பெனிட்டாவும் சுபலாவும் கல்லூரி சைக்கிள் அணியில் இடம்பிடிக்க, காற்றாலைகளுக்கு நடுவே போகும் சாலையில் சேர்ந்தே பயிற்சி செய்தார்கள். ஒருத்தி முன்னால் போய் எதிர்காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவள் அவளுடைய பின்சக்கரத்தை ஒட்டிப் போவாள். முன்னால் போகிறவள் களைத்தால் முழங்கையை அசைப்பாள். உடனே இடம் மாற வேண்டும். லாரி மோதிய அன்று சுபலா மூன்று முறை அசைத்தாள். "இனி நீ போ மக்கா," என்று கத்தவும் செய்தாள். பெனிட்டா பார்க்காததுபோல், மிதிக்காமல், பின்சக்கரம் டிக்டிக்கென்று ஒலிக்க, சுகமாக உருண்டுகொண்டிருந்தாள். எதிரே வந்த லாரி முன்னால் போனவளை மட்டும் எடுத்துக்கொண்டது.

எட்டு மாதம் கழித்து அணித் தேர்வு. "தனித்தனியாத்தான் ஓட்டணும் மக்களே, யாரு பின்னாலயும் ஒட்டக்கூடாது," என்று சொல்லிவிட்டுக் கோச் விசிலடித்தார். நாலாவது கிலோமீட்டரில் காற்று முகத்தில் அறைந்தபோது, பெனிட்டாவுக்குப் பின்னால் டிக்டிக்கென்று யாரோ மிதிக்காமல் உருண்டு வரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. தொடைகள் எரிந்து மூச்சு முட்டியதும் முழங்கையை அசைத்துவிட்டு, சாலையோரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

"இனி நீ போ மக்கா."

சத்தமும் அவளோடு ஒதுங்கியது.