நிக்கலஸ் மாஸ்டரின் வாக்குப் பெட்டி

"அங்க பாரும், வாக்குப் பெட்டிக்குப் பக்கத்தில ஆரை இருத்தியிருக்கிறாங்கள் எண்டு!"

வரிசையில் நின்ற கதிர்காமநாதன் கண்ணால் காட்டினார். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பள்ளி மண்டபம். நியூசிலாந்துப் பொதுத் தேர்தல்.

அவருடைய காரில் வந்த புஷ்பவதி எட்டிப் பார்த்தாள். மேசையில் எழுபது வயதுக்காரர் ஒருவர், தேர்தல் பணியாளர் அட்டை அணிந்து உட்கார்ந்திருந்தார்.

"நிக்கலஸ் மாஸ்டர். உங்கட மன்னார்ப் பக்கம்தான். சண்டை முடிஞ்சும் ஊர் ஆமியின்ர கையில இருக்கேக்க பாராளுமன்றத் தேர்தல் வைச்சாங்களே, அதில ஒரு சாவடிக்கு இவர்தான் பொறுப்பு. ஆயிரம் வாக்கு உள்ள இடம். பெட்டிக்குள்ள விழுந்தது நாப்பத்தொண்டு!"

புஷ்பவதி அந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வந்த சனத்தை வெருட்டித் திருப்பி அனுப்பினவராம். இஞ்சயும் வந்து பெட்டிக்குக் காவல்! வெக்கம் வேண்டாமே?"

"நீங்கள் அப்ப அங்க இருந்தனீங்களோ, அண்ணை?"

"நான் இஞ்ச வந்து முப்பது வருசம். எல்லாம் கேள்விப்பட்டதுதான்."

அவள் முறை வந்தது. பெயரைச் சொன்னாள். பட்டியலில் தேடிய நிக்கலஸின் விரல் அப்படியே நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை... நீரே?"

"ஓம் சேர். இஞ்ச எனக்கு இதுதான் முதல் வாக்கு."

வாக்குச்சீட்டுகளை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஆறுதலாப் போட்டிட்டு வாரும். ஒருத்தரும் அவசரப்படுத்தமாட்டினம்."

புஷ்பவதி தலை நிமிர்ந்து நடந்துபோய் வாக்களித்துவிட்டு வந்தாள்.

இருவரும் கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் கதிர்காமநாதன் கேட்டார்.

"அவரை உமக்குத் தெரியுமே? அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"வாக்குப் போடுற இடத்தில சத்தம் போடக்கூடாது எண்டு எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். அதுதான் வெளிய வரட்டும் எண்டு பொறுத்திருந்தனான்."

"என்ன கதைக்கிறீர்?"

"அந்தத் தேர்தலில அவருக்குக் கீழ வேலை செய்தவள் நான், அண்ணை. சனம் பயத்தில வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை. வந்த ஒருத்தரையும் அவர் திருப்பி அனுப்பேல்லை. பின்னேரம் துவக்கோட நாலு பேர் வந்து, மிச்சச் சீட்டு எல்லாத்திலயும் புள்ளடி போட்டுப் பெட்டியை நிரப்பச் சொன்னவங்கள்."

கார்ச் சாவி கதிர்காமநாதனின் கையிலேயே இருந்தது.

"நிரப்பியிருந்தா நல்ல பேரோட ஊரிலயே இருந்திருப்பார். நெத்தியில துவக்கை வைச்சு வெருட்டி அடிக்க அடிக்க, ஒரு கள்ள வாக்கும் விழ விடாமல் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடந்த மனுசன், அண்ணை, அவர்!"