பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் நடுவில்

பன்னிரண்டாவது பாகம் அவன் மடியில் விரிந்திருந்தது.

குத்புதீன் செத்து இன்று மூன்றாம் நாள். குர்ஆனின் முப்பது பாகமும் தனித்தனிப் புத்தகமாக அடுக்கிய மரப்பெட்டி பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். முப்பதும் ஓதி முடிந்தால்தான் துஆ, இறந்தவனுக்கான வேண்டுதல்.

எல்லாரும் அவனோடு தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த ஆட்கள். தேய்த்துக் குளித்தும் போகாத சுண்ணாம்பு வாடையோடு வரிசையாக உட்கார்ந்து ஓதினார்கள்.

அத்தியாயம் எங்கே முடிகிறதென்று பார்த்து முப்பதாக்கவில்லை. ஓதும் அளவு பார்த்து வைத்த பங்கு. யூசுபு நபியின் அத்தியாயம் நடுவில் அறுந்து, ஒரு துண்டு பன்னிரண்டிலும் மறு துண்டு பதிமூன்றிலும் கிடக்கிறது.

கடைசி வசனத்துக்கு வந்தான். அடியில் பொடி எழுத்தில் தமிழ்.

ஆள் இல்லாத நேரத்தில் அவருக்கு நான் துரோகம் செய்யவில்லை என்கிற பேச்சு.

பாகம் அங்கேயே முடிந்துவிட்டது.

ஷாப்புக் கழிவுத் தொட்டிக்குள் ஒருத்தன் இறங்கினால், விஷவாயு அடித்தால் இழுத்துப்போட மேலே ஒருத்தன் கயிறு பிடிக்க வேண்டும். அன்றைக்கு உள்ளே குத்புதீன், மேலே இவன். கயிற்றைக் கம்பியில் கட்டிப்போட்டு டீ குடிக்கப் போனான்.

பத்து நிமிடம்.

இழுத்தேன், பலம் போதவில்லை என்று எல்லாரிடமும் சொன்னான். நம்பினார்கள். முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

குத்புதீன் கூப்பிட்டிருப்பான். இவன் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கூப்பாடுதான் மூன்று நாளாகக் காதுக்குள் கிடக்கிறது.

புத்தகங்கள் பெட்டிக்குத் திரும்பின. பதிமூன்றை எடுத்தவர் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓதாமலே வைத்துவிட்டுப் போயிருந்தார். அது ஒன்றுதான் பாக்கி, யார் ஓதுவது என்று பள்ளிவாசல் அசரத்து கேட்டார்.

யாரும் கை நீட்டவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து குத்புதீனின் பெண்சாதி சொன்னாள்.

"அந்தத் தம்பியே ஓதட்டும் அசரத்து. கடைசி வரைக்கும் கயித்த விடாம இழுத்துப் பாத்த புள்ள."

புத்தகம் அவன் கைக்கு வந்தது.

முதல் வசனத்தை அரபியில் ஓதினான். கண் தானாகத் தமிழுக்கு இறங்கியது. என் மனசு குற்றமற்றது என்று நான் சொல்லமாட்டேன் என்று இருந்தது.

இரண்டாவது வசனத்தை அவன் ஓதவில்லை.

அசரத்து நிமிர்ந்து பார்த்தார்.

அவன் புத்தகத்தை மூடினான். உட்கார்ந்தவாக்கிலேயே திரையைப் பார்க்கத் திரும்பினான்.

"அண்ணி."

உள்ளே பெண்கள் திக்ரில் இறைவன் பெயரை ஓதி எண்ணிப் போட்டுக்கொண்டிருந்த புளியங்கொட்டைச் சத்தம் நின்றது.